பஸ் வராத நாளில் பரப்பிய உளுந்து

உச்சி வெயிலில் இளகிய தார் செருப்பைப் பிடித்து இழுக்கும். அதன் மேல் பரப்பிய உளுத்தஞ்செடி காய்ந்து, நெற்று ஒவ்வொன்றாக வெடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வழியாக முத்துப்பேட்டைக்குப் போன பழைய மாநில நெடுஞ்சாலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவை இரண்டும்தான். வாய்க்கால் வளைந்த இடத்திலெல்லாம் தானும் வளைந்து, ஊருக்கு ஊர் கடைத்தெருவுக்குள் புகுந்து, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களைக் குலுக்கி எடுத்துவிட்டுத்தான் அது கடலோரம் போய்ச் சேரும். மாட்டு வண்டித் தடமாக இருந்து, கப்பிக்கல் ரோடாகி, பிறகு தார் போட்டு, பச்சைத் தலை மைல்கல்லும் ஒரு நம்பரும் வாங்கிய சாலை என்று அப்பா சொல்வார். எங்கள் வீடு அதன் ஓரத்திலேயே இருந்தது.

அரசாங்கத்துக்கு அது நெடுஞ்சாலை. பங்குனி சித்திரையில் எங்களுக்கு அது களம். பிடுங்கி வந்த உளுத்தஞ்செடியை ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அதை உதிர்த்துக் கொடுத்துவிடும். ஒரு வண்டி போனதும் ஓடிப்போய்க் கம்பால் செடியைப் புரட்டவேண்டும், அடுத்தது வருவதற்குள் ஓரத்துக்கு வந்துவிடவேண்டும். "வருது!" என்று அம்மா கத்துகிறபோது கம்பை அப்படியே போட்டுவிட்டு ஓரத்துக்குப் பாய்வேன். "உங்கப்பன் வீட்டு ரோடா?" என்று டிரைவர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். அது காதில் விழாத மாதிரி இருந்துவிடுவது எங்கள் குடும்ப வழக்கம்.

நான் சொல்லும் வருஷம் எங்கள் வயலில் சம்பா முழுக்க வெள்ளத்தில் அழுகிப்போயிருந்தது. மிஞ்சியது தையில் தெளித்த உளுந்து மட்டும்தான். ஸ்டெல்லா அக்கா பிளஸ் டூ எழுதிவிட்டு, தஞ்சாவூரில் நர்ஸிங் சேரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. "உளுந்து வீடு வந்து சேரட்டும், பாப்போம்" என்றார். அதனால் அந்த உளுந்தை எங்களை எல்லாம்விட அக்காதான் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

அன்று காலை வழக்கம்போலப் பரப்பிவிட்டு உட்கார்ந்தோம். முதல் பஸ் வரவில்லை. அடுத்த பஸ்ஸும் இல்லை, ஒரு லாரிகூட இல்லை. எங்கள் பக்கத்தில் பஸ் வராவிட்டால் யாரும் பதறுவதில்லை. எங்கேயோ மறியல் என்று அர்த்தம். தண்ணீர் கேட்டு மறியல், நிவாரணம் கேட்டு மறியல், கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தேங்கினால் மறியல். ஒவ்வொரு மறியலிலும் எங்கள் வீட்டிலிருந்தும் யாராவது ரோட்டில் உட்கார்ந்திருப்போம். மறியலை எடுத்ததும் மாட்டிக்கொண்ட வண்டி எல்லாம் ரயில் மாதிரி ஒரே வரிசையாக வரும்.

அப்பாவுக்கு அதைவிட நல்ல நேரம் தோன்றவில்லை. "மிச்சத்தையும் கொண்டாந்து கொட்டுங்க. எடுத்தாங்கன்னா ஒரே அடியா வரும், சாயங்காலத்துக்குள்ள தூத்திடலாம்" என்றார். வயலோரம் போராக வைத்திருந்த செடி அத்தனையும் சுமந்து வந்து, பாலத்திலிருந்து புளியமரம் வரைக்கும் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினோம். பிறகு காத்திருந்தோம். ரோடு அப்படி ஒரு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மதியத்துக்கு மேல் தெற்கே கறுத்தது. அம்மா வானத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்க, வாரிடலாமா?" என்று கேட்டதற்கு அப்பா, "செத்த பொறு, இப்ப எடுத்துடுவாங்க" என்றார். அப்போதுதான் முத்துப்பேட்டையிலிருந்து மொபெட்டில் கருவாடு கொண்டுவரும் பாய், செடியின் முன்னால் வண்டியை நிறுத்தினார்.

"என்னங்க இது, ரோட்டையே அடைச்சு வச்சிருக்கீங்க?"

"மறியல் எங்க பாய்?" என்றார் அப்பா.

"மறியலா? வண்டியெல்லாம் புது ரோட்டுல பறக்குதுங்க. காலையிலேயே தொறந்து விட்டுட்டாங்க. இனிமே இங்க யாரு வருவா?"

வயல்களுக்கு நடுவே மேடு போட்டு ஒரு புறவழிச்சாலை வருவது எங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் மந்திரி வராமல், பந்தல் போடாமல், ரேடியோ செட் அலறாமல் ஒரு ரோட்டைத் திறப்பார்கள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. குறுக்கே நின்ற டிரம்மை உருட்டி ஓரமாக வைத்ததோடு திறப்பு விழா முடிந்துவிட்டது.

அப்பாவும் அம்மாவும் செடியை வாரத் தொடங்கினார்கள். அக்கா கம்பைப் போட்டுவிட்டு, சாலை பிரிகிற இடத்தை நோக்கி ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அவள் புது ரோட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பிரேக் அலற, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. எனக்கு அங்கேயே சிறுநீர் போய்விட்டது.

"ஏம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?"

"அண்ணே, ஒரே ஒரு தடவ எங்க ரோட்டுல வாங்கண்ணே. உளுந்து கெடக்கு. மழ வருதுண்ணே."

டிரைவர் வானத்தைப் பார்த்தார், தன் மூட்டைகளைப் பார்த்தார். "எனக்கும் மழதானம்மா. தார்ப்பாய்கூட இல்ல. நகருமா" என்றார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அக்கா நகர்ந்தாள். அடுத்து வந்த பஸ் நிற்கவே இல்லை. அதற்கு அடுத்ததற்குக் கையைக் காட்டும்போது பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியது.

பாயும் இறங்கி எங்களோடு வாரினார். வாரியது கொஞ்சம், ரோட்டோடு ஓடி வாய்க்காலில் விழுந்தது மிச்சம். "மாதாவே, மாதாவே" என்று அம்மா வாய்விட்டு அழுதாள். மழை மூன்று நாள் விடவில்லை. அள்ளி வைத்ததும் நெற்றுக்குள்ளேயே முளைத்துவிட்டது. நர்ஸிங் பேச்சை அதற்குப் பிறகு அப்பா எடுக்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. மறு வருஷம் அவளை நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்தச் சாலைக்கு இப்போது நம்பர் கிடையாது. ஊராட்சி ரோடு என்கிறார்கள். பஸ் நின்றதும் டீக்கடைகள் போயின. தார் பெயர்ந்த இடத்தில் கருவேலம் முளைத்திருக்கிறது. உளுந்து அடிக்க மிஷின் வயலுக்கே வந்துவிடுகிறது. அந்தப் புறவழிச்சாலையின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. தினமும் அதில்தான் போய்வருகிறேன் என்பது வேறு விஷயம்.

அக்காவுக்குச் சர்க்கரை. மாதம் ஒரு தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். ஊசி குத்த வருகிற பெண் சின்னவளோ பெரியவளோ, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அக்கா கேட்பாள்: "எங்கேம்மா படிச்ச?" ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அந்தப் பெண் பதில் சொல்லி முடிக்கிறவரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.