நூறு சதவீத வருகை

நீலசந்திரா மகாவுக்கு முப்பத்தொரு வயதில் ஓர் ஆசை வந்தது. எந்திரம் ஓட்ட வேண்டும். பத்தாவது பாஸ் செய்தவள், கோரமங்களா பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஒன்பது வருஷமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பீன்யா தொழிற்பேட்டையில் பெண்கள் கம்ப்யூட்டர் வைத்த லேத் எந்திரத்தில் இரும்பு கடைகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, மாப்பைக் கையில் எடுத்தாலே அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. யாரை நம்பினாள் என்பதில்தான் இருந்தது வினை.

நம்பியது ஜூடித்தை. அதே சந்தில் நாலு வீடு தள்ளி இருப்பவள். மகாவின் பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்துக் கூடவே ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அரசாங்க இலவசப் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது அவள் வேலை. "மூணே மாசம்டி. சர்ட்டிபிகேட் கையில, வேலை பீன்யாவுல" என்றாள். மகா கெஞ்சிக் கூத்தாடி மாலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள்.

பயிற்சி நிலையம் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை கைரேகை வைக்க வேண்டும். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியும் சுவரில் எந்திரத்தின் படமும்தான். எந்திரம் எங்கே என்று கேட்டால், "வந்துகினே இருக்குது" என்பார்கள். கூடவே சேர்ந்த எதிர்வீட்டு சரசு இரண்டாவது வாரமே "இது என்னடி கூத்து" என்று நின்றுவிட்டாள். மகா நிற்கவில்லை. தினமும் ஏழு மணிக்கு ஜூடித் வந்து கதவைத் தட்டுவாள்: "மகா, கெளம்பிட்டியா?" காய்ச்சலில் உடம்பு கொதித்த நாளில்கூட காதில் துணியைச் சுற்றிக்கொண்டு போய் விரல் வைத்துவிட்டு வந்தாள்.

அதிகாரிகள் ஆய்வுக்கு வந்த அன்று, மேசை அளவில் ஒரு சின்ன எந்திரமும் டெம்போவில் வந்தது. கன்னடம் நன்றாகப் பேசுகிறாள் என்று மகாவை முன்னால் நிறுத்தினார்கள். முந்தின நாள் மனப்பாடம் செய்த பாகங்களின் பெயர்களைக் கடகடவென்று ஒப்பித்தாள். கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஐந்து மணிக்கு அதே டெம்போ வந்து எந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனது. அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். "அடுத்த வாரம் பெருசா ஒண்ணு வருது" என்றாள் ஜூடித். கூடப்பிறந்தவள் மாதிரி இருக்கிறவள் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மூன்று மாதம் முடிந்ததும் சான்றிதழ் வந்தது. கூடவே, நூறு சதவீத வருகைக்காகத் தங்க எழுத்தில் ஒரு பாராட்டுப் பத்திரம். அதோடு கொடுத்த வேலைக் கடிதத்தில் இருந்த கம்பெனியைத் தேடி பீன்யாவில் அரை நாள் அலைந்தாள். அந்த முகவரியில் டயர் குடோன்தான் இருந்தது. "நானும் உன்ன மாதிரி ஏமாந்தவதான்டி" என்று ஜூடித் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகா அவளைச் சமாதானப்படுத்தினாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மறு வருஷம் பீன்யாவில் நிஜமான அரசாங்கப் பயிற்சி நிலையம் ஒன்று பெண்களுக்கு இடம் அறிவித்தது. எண்ணெய் வாசனை, வரிசையாக ஓடும் எந்திரங்கள். மகாவும் சரசுவும் தேர்வு எழுதினார்கள். மகா இரண்டாவதாக வந்தாள். சரசு கடைசிக்கு முந்தின இடத்தில்.

சேர்க்கை அன்று ப்ரஹ்லாத் என்ற குமாஸ்தா மகாவின் ஆதார் எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆல்ரெடி ட்ரெய்னிங் முடிச்சு வேலைக்கும் போயாச்சுன்னு காட்டுதேம்மா. ஒருத்தருக்கு ஒரு தடவைதான், ரூல்ஸ்."

"எந்த வேலைக்கும் போகல சார். அங்க ஒண்ணுமே சொல்லித் தரல."

"தினம் ரெண்டு வேளை உங்க கைரேகை இருக்கு. ஒரு நாள் லீவு இல்ல. எந்திரத்தோட போட்டோ வேற. நான் என்னன்னும்மா எழுதறது?"

சரசு பாதியில் நின்றவள் என்று பதிவாகியிருந்தது. பாதியில் நின்றவர்களுக்கு மறுவாய்ப்பு உண்டாம். அவளுக்கு இடம் கிடைத்தது. சட்டம் போட்ட புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்!

மகா நேராக ஜூடித் வீட்டுக்குப் போனாள். ஜூடித் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகா பாராட்டுப் பத்திரத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மெஷின் வராதுன்னு உனக்கு மொதல்லயே தெரியுமாக்கா?"

ஜூடித் தண்ணீர் குடித்தாள். "தெரியும்டி. ஆளுங்க வருகை இருந்தாதான் சென்டர்காரங்களுக்கு கவர்மெண்டுல பில்லு பாஸாகும். எல்லாருமே நின்னுட்டாளுங்க. நீ ஒருத்திதான் நாள் தப்பாம வந்த." பழியை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே, கோபமாகவே கேட்டாள்: "உன்ன யாருடி தெனமும் வரச் சொன்னது?"

மகாவுக்கு அழுகைகூட வரவில்லை.

"நீதான்க்கா. ஏழு மணிக்கு வந்து கதவத் தட்டுவியே."

மகா பத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு, மாலை ஷிப்டுக்குக் கிளம்பினாள்.