ஆறாட்டு கழியட்டும்

எங்கள் வீட்டில் பெரிய சாமான் எதுவும் ஆசைப்பட்ட அன்றே வந்ததில்லை. அதற்கென்று அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். அந்தச் சட்டம் நல்ல சட்டம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமி வருஷத்துக்கு இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சங்குமுகம் கடலுக்கு நீராடப் போவார். ஆறாட்டு என்பது அதுதான். மகாராஜா வாளேந்தி முன்னால் நடக்க, சாமி பின்னால் வர, ஊரே கோட்டை வாசலில் கூடி நிற்கும். வலியசாலையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து குஞ்சும் குளுவானுமாக எல்லாரும் போவோம். வீட்டில் யாராவது பெரிதாக ஏதாவது கேட்டால் அப்பா முடியாது என்று சொல்லவே மாட்டார். "ஆறாட்டு கழியட்டும்" என்பார். சாமி கடலாடித் திரும்பிய பிறகும் அந்த ஆசை உயிரோடு இருந்தால், கேட்டவர் மறுபடி வந்து கேட்க வேண்டும். கேட்டால் மறுபேச்சில்லை, வாங்கிவிடுவார். கேட்காவிட்டால் ஆசை தீர்ந்துபோயிற்று என்று அர்த்தம். அவராக வாய் திறந்து நினைவுபடுத்த மாட்டார். "நான் ஞாபகப்படுத்தினா அது எனக்க ஆசையாயிரும்லா?" என்று கேட்பார்.

அப்பாவுக்குச் சாலைக் கம்போளத்தில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம். கண்ணைக் கவர்ந்த சரக்கை அன்றைக்கே எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட வியாபாரிகளை அவர் நிறையப் பார்த்திருந்தார். சட்டம் அங்கேயிருந்துதான் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

அந்தச் சட்டத்துக்கு முதல் பலி நான்தான். அடுத்த வீட்டுப் பெண் ஹார்மோனியம் கற்கத் தொடங்கியதும் எனக்கும் வேண்டும் என்று அழுது புரண்டேன். ஆறாட்டு கழிவதற்குள் அந்தப் பெண் ஒரே ஸ்வரத்தை இழுத்து இழுத்துத் தெருவையே ஒரு வழி பண்ணியிருந்தாள். எனக்கு ஹார்மோனியத்தைக் கண்டாலே காது வலித்தது. அப்பா மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அம்மா கெட்டிக்காரி. கண்ணாடி வைத்த அலமாரியை ஆறாட்டுக்கு முந்தின நாள் கேட்டாள். ஆறாட்டுக்கு மறுநாள் மறுபடி கேட்டாள். சட்டத்தில் அதற்குத் தடையில்லாததால் அப்பா பேசாமல் வாங்கிக் கொடுத்தார்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தங்கை. பூதப்பாண்டியில் கட்டிக் கொடுத்த இடத்தில் மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், பிள்ளை குட்டி இல்லாததால், ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அப்பாவுக்குத் தங்கை என்றால் உயிர். அம்மாவை அவள் மைனி மைனி என்று சுற்றிவருவாள். அவளை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் அத்தை எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள், அடுக்களை ஒதுக்கி முடிந்த பிறகுதான் உட்காருவாள். உட்கார்ந்தால் கையில் ஊசி இருக்கும். தெருப் பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்குப் பாவாடையும் கையாலேயே தைப்பாள். அவள் தைத்த தையலைப் பிரிக்க வேண்டுமானால் துணிதான் கிழியும்.

ஓர் ஐப்பசி ஆறாட்டு முடிந்த சமயத்தில் அத்தை தையல் மெஷின் கேட்டாள். அன்று காலையிலிருந்தே அவள் ஒரு நிலையில் இல்லை. அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்த கூடத்துக்கு வருவதும், ஒன்றும் சொல்லாமல் திரும்புவதும், மறுபடி வந்து தண்ணீர்ச் செம்பை எடுத்துப் போவதுமாக இருந்தாள். அத்தைக்கு என்னமோ செய்கிறது என்று நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என்னை வாயைப் பொத்து என்றாள். கடைசியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, தையல் மெஷின் ஒண்ணு இருந்தா கொள்ளாம்" என்றாள் அத்தை. குரல் பாதிதான் வெளியே வந்தது.

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "நல்ல காரியமாக்கும். ஆறாட்டு கழியட்டும்" என்றார். அத்தை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அதே மாதம், எங்களோடேயே இருந்த சித்தப்பா கார் கேட்டார். சித்தப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், வேறொன்றும் தெரியாது என்று அம்மா சொல்வாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பப் போகிறார், அவருடைய கறுப்புக் கார் சல்லிசாகக் கிடைக்கும், வாடகைக்கு ஓட்டினால் போட்ட காசை எடுத்துவிடலாம் என்பது சித்தப்பாவின் வாதம். அப்பா தோண்டித் துருவிக் கேட்டார். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், டயர் எங்கே கிட்டும், மழையில் எங்கே நிறுத்துவாய், ரிப்பேர் என்றால் யார் பார்ப்பார்கள். "வாங்குத விலையோட தீருமாடே? வீட்டுல வச்சுத் தீனி போடணும்லா?" என்றார். முடிவில் காருக்கும் அதே பதில்தான். ஆறாட்டு கழியட்டும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அப்பா எனக்குச் செருப்பு வாங்கக் கிழக்கேகோட்டைக்குக் கூட்டிப் போனார். செருப்புக் கடைக்குப் போகும் முன் ஒரு தையல் மெஷின் கடைக்குள் நுழைந்தார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். காலால் மிதித்துப் பார்த்தார். எண்ணெய் எத்தனை நாளைக்கு ஒரு தடவை போட வேண்டும் என்று விசாரித்தார். பூ வேலை செய்த பலகையோடு இருந்த ஒரு மெஷினைத் தடவித் தடவிப் பார்த்தார். கடைக்காரர், "எடுத்தோளூ, நல்ல சாதனமாணு" என்றார். அப்பா, "ஆளு வந்நு பறயட்டே" என்று, ஆள் வந்து சொல்லட்டும் என்பதை மலையாளத்திலேயே சொல்லிவிட்டு வெளியே வந்தார். யாருக்கு மெஷின் என்று நான் கேட்கவில்லை. அது கேட்டுத் தெரிய வேண்டிய விஷயமா என்ன?

பங்குனி ஆறாட்டு வந்தது. சாமி திரும்பி வந்த இரவே, காலில் இருந்த புழுதியைக்கூடக் கழுவாமல், சித்தப்பா அப்பா முன்னால் வந்து நின்றார். கார் தீர்மானமாயிற்று. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அப்பா கடைக்குப் புறப்பட்டவர் செருப்பை மாட்டுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அத்தை அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போய், "அத்தை, போய்க் கேளுங்க. அப்பா மெஷின் பாத்து வச்சிருக்கா, எனக்குத் தெரியும்" என்றேன்.

அத்தை துருவுவதை நிறுத்தவில்லை. "கேட்டாச்சுல்லா மக்கா" என்றாள்.

"அது முதல்ல கேட்டது. ஆறாட்டு கழிஞ்சு ரெண்டாவது கேக்கணும்லா" என்று, விவரம் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல, அப்பாவின் சட்டத்தை அவளுக்கு விளக்கினேன். ஹார்மோனியக் கதையையும் அம்மாவின் அலமாரிக் கதையையும் சொன்னேன். அத்தை ஒரு பிடி தேங்காய்த் துருவலை என் வாயில் போட்டு, "போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றாள். இவ்வளவு சுலபமான காரியத்தைச் செய்ய மாட்டேன் என்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது.

கார் வந்தது. மலையிலிருந்து சித்தப்பாவே ஓட்டிக்கொண்டு வந்தார். தெருவே திரண்டு பார்த்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சங்குமுகம் வரை ஒரு சுற்றுப் போனார். அத்தையையும் கூப்பிட்டார்கள். "வீட்டுல ஆளு வேண்டாமா?" என்று சிரித்துக்கொண்டே நின்றுவிட்டாள். கார் நன்றாகத்தான் ஓடியது. கல்யாணம், ஆஸ்பத்திரி, கன்யாகுமரி என்று வாடகைக்கு ஆள் வந்தபடி இருந்தது. அப்பாவின் சட்டம் இந்த விஷயத்திலும் ஜெயித்துவிட்டது என்று கடையில் பேசிக்கொண்டார்களாம்.

அடுத்த ஐப்பசி ஆறாட்டும் முடிந்தது. மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது அப்பா, எங்கள் யாரையும் பார்க்காமல், இலையைப் பார்த்துக்கொண்டு, "ஆறாட்டும் கழிஞ்சு போச்சு. யாருக்காவது எதாவது சொல்லணும்னா சொல்லலாம்" என்றார். அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அப்பா வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததே கிடையாது. அத்தை ரசப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் விடட்டுமா அண்ணே?" என்று கேட்டாள். அப்பா போதும் என்று கையைக் காட்டினார்.

தை மாதத்தில் அத்தை போகப் போவதாகச் சொன்னாள். அவளிடம் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த டீச்சரம்மா ஒருத்தி வழியாக ஏற்பாடாகியிருந்தது. நாகர்கோவிலில் ஆதரவில்லாத பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கும் ஒரு விடுதியில் வேலை. தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே. இதை மட்டும் அவள் கேட்கவில்லை, சொன்னாள். கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். "இங்க உனக்கு என்னம்மா கொற?" என்றார்.

"ஒரு கொறையும் இல்ல அண்ணே."

"மெஷினுக்காகவா? ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா? நான் வாங்கித் தரமாட்டேனா?"

"கேட்டேனே அண்ணே."

"அது அப்பம். பொறவு நீ கேக்கவே இல்லியே?"

அத்தை மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னாள். "தம்பி கேக்கது வேற, மைனி கேக்கது வேற. அவங்க வீடு. உங்க சோத்தத் தின்னுக்கிட்டு ஒருக்க கேக்கதுக்கே எனக்கு நாக்கு எழும்பல்ல. ரெண்டாமது கேட்டா பிச்சையாயிரும்லா அண்ணே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தை இப்படி ஏன் பேசுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பிச்சை என்றால் கோயில் வாசலில் கேட்பது. சொந்த அண்ணனிடம் மெஷின் கேட்பது எப்படிப் பிச்சையாகும்? நான் அப்பாவிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்னென்ன கேட்கிறேன்!

டிரங்குப் பெட்டியைக் காரில் ஏற்றி, சித்தப்பாவே அவளை நாகர்கோவிலில் கொண்டுபோய் விட்டு வந்தார். அந்தக் காரில் அத்தை ஏறியது அன்றுதான் முதல் தடவை.

பத்துப் பதினைந்து நாள் அப்பா வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்கேகோட்டைக்குப் போய், பூ வேலைப் பலகை வைத்த அந்த மெஷினை வாங்கி வந்தார். யாரும் கேட்கவில்லை, எந்த ஆறாட்டும் கழியவில்லை. மெஷினின் இரும்புக் கால்களைக் காரின் பின்னால் வைத்துக் கட்டினார்கள். மெஷினைப் போர்வையில் சுற்றிப் பின் ஸீட்டில் என் பக்கத்தில் வைத்தார்கள். அது உருளாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. அப்பா முன்னால் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தை மெஷினைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்களோடு காரில் ஏறிவிடுவாள் என்று நினைத்தேன்.

அத்தை எங்களைப் பார்த்து ஓடி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். விடுதியின் முன்னறையில் உட்கார வைத்துக் காப்பி கொண்டுவந்தாள். உள்ளே எங்கேயோ பல மெஷின்கள் ஒன்றாக ஓடும் சத்தம் கேட்டது. அவள் முன்பைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தாள். ஆனால் எங்களோடு சரிசமமாக நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்பா அவளை வெளியே கூட்டிப் போய்க் காரைக் காட்டினார். நான் போர்வையை விலக்கினேன். அத்தை சக்கரத்தை லேசாகத் தொட்டாள். பலகையின் பூ வேலையைத் தடவினாள். கண் நிறைந்துவிட்டது.

"நல்ல மெஷினாக்கும்" என்றாள். பிறகு, "இங்க தைக்கதுக்கு மெஷின் தாராளமா உண்டு அண்ணே. இத மைனிக்குக் கொண்டு குடுங்க" என்றாள்.

அப்பா இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். உனக்காகத்தானே வாங்கினேன் என்றார். மூன்றாவது தடவையும் சொன்னார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நேரம் இருட்டிரும், பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

மெஷினோடு திரும்பினோம். குழித்துறைப் பாலம் வந்ததும் அப்பா காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார். சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். வெகுநேரமாகியும் அப்பா வராததால் நான் இறங்கிப் போனேன். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவசரப்பட்டு வாங்கிவிட்டார், சாமான் பிரயோஜனமில்லாமல் போய்விட்டது. யோசிக்காமல் எதையும் வாங்காத அப்பா முதன்முதலாக இப்படி ஏமாந்துவிட்டார், அதற்காகத்தான் அழுகிறார். அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன்.

"அழாதீங்க அப்பா. இன்னும் ஒருத்தரும் தைக்கவே இல்லல்லா? புதுசாத்தான் இருக்கு. கடையில கொண்டு குடுத்தா அப்படியே எடுத்துக்கிடுவா."

அப்பா என் தலையில் கையை வைத்தார். "செரி மக்கா, குடுத்திருவோம்" என்றார். அப்பாவுக்கே தோன்றாத வழியை நான் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டேன் என்ற பெருமையோடு ஓடிப்போய்க் காரில் ஏறி, மெஷின் எங்கேயும் கீறிவிடாமல் போர்வையை நன்றாக இழுத்து மூடினேன்.