சில்வெஸ்டரின் வான் போன பிறகு

ஸ்டுட்கார்ட்டில் தமிழ் வீட்டுக் கல்யாணம் என்றாலும் செத்தவீடு என்றாலும், மண்டபத்துக்கு அடுத்தபடியாக ஒழுங்கு பண்ணப்படுவது சில்வெஸ்டரின் வான்தான். ஒன்பது இருக்கை. யாரும் கேட்க முன்னமே வாசலில் வந்து நிற்பார். முன் இருக்கை எப்போதும் ஒரு பெரியவருக்கு. மனைவி ஜசிந்தா கடைசி வரிசையில், சாப்பாட்டுச் சட்டிகளுக்குக் காவல். வழியில் ஆராவது ஏறுவார்கள் என்று வீட்டு வாசலிலேயே பின்னுக்குப் போய் இருந்துவிடுவாள்.

அந்த வான் இந்த வருட வாகனச் சோதனையில் தேறவில்லை. அடியெல்லாம் துருப்பிடித்து உக்கிவிட்டது, திருத்திப் பிரயோசனமில்லை என்று மெக்கானிக் கையைத் துடைத்தபடி சொன்னான். சில்வெஸ்டருக்குத் தலையில் இடி விழுந்தது. அன்று பின்னேரம் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

ஜசிந்தா அசையவில்லை. “இனி எங்களுக்கு என்னத்துக்கு லொறி? சின்னக் கரண்ட் கார் ஒண்டு காணும். கராஜிலை பிளக் இருக்குத்தானே, இரவு கொழுவி விட்டால் அடுத்த நாள் ஓட்டத்துக்கு ஏறிடும்.”

முதியோர் இல்லத்து வேலைக்கு எத்தனையோ பனிக்காலம் விடியப்புறம் பஸ்ஸுக்கு நின்றவள். அதனால் அவரும் சரி என்றார். ஆனால் பாவித்த கார் விற்கும் இடத்துக்குப் போகும்போது மனிதர் கையோடு, விசேஷங்களுக்குச் சோறு கொண்டுபோகும் அலுமினியக் கிடாரத்தையும் கொண்டுபோனார்!

பட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, குளிருக்குள் எவ்வளவு தூரம் ஓடும், ஒடுக்கமான இடத்தில் திருப்பலாமா என்றெல்லாம் ஜசிந்தா துருவித் துருவிக் கேட்டாள். சில்வெஸ்டர் நேரே டிக்கியைத் திறந்து கிடாரத்தை வைத்துப் பார்த்தார். நிமிர்த்தியும் போகவில்லை, சரித்தும் போகவில்லை. விற்பனைக்காரன் மலைத்துப்போய், நீங்கள் ரெஸ்டோரண்ட் நடத்துகிறீர்களா என்று ஜெர்மனில் கேட்டான். ஜசிந்தாவுக்கு மானம் போனது.

“இதுக்குள்ளை நாலு பேருக்கு மேலை ஏலாதோ?” என்றார் சில்வெஸ்டர்.

“நாங்கள் ரெண்டு பேர்தானேயப்பா” என்றாள் அவள்.

வாங்கியாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும்தான் அவருக்கு நாள் நினைவு வந்தது. சனிக்கிழமை ஒரு பெண்பிள்ளைக்குச் சாமத்தியவீடு. ரகுநாதன் குடும்பம் வழமையாக அவரோடுதான் வரும். அவர்கள் என்ன நினைப்பார்கள்? வானில்லாத சில்வெஸ்டரை இனி ஆர் தேடப் போகிறார்கள்? போன் எடுத்தார்.

“தம்பி, குறை நினைக்காதையும். வான் முடிஞ்சுது. இனி உங்களை ஏத்த ஏலாது.”

 மறுபக்கத்தில் ரகுநாதனின் மனைவி பின்னாலிருந்து சொன்னது தெளிவாகக் கேட்டது. “அப்பாடா! இனியாவது எங்கட காரிலை போகலாம்.”

“உங்களிட்டைக் கார் இருக்கோ?”

ரகுநாதன் மென்று விழுங்கினான். “ஓம் அண்ணை, கன வருசமா நிக்குது. நீங்கள் ஆசையா வந்து வாசலிலை நிப்பியள். வரேல்லை எண்டால் உங்கட மனம் நோகும் எண்டுதான்...”

“மற்றவை?”

“எல்லாரிட்டையும் இருக்கு அண்ணை.”

சில்வெஸ்டர் போனை வைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டார். ஊருக்கு உபகாரம் செய்வதாக அவர் நெஞ்சை நிமிர்த்தித் திரிய, ஊரல்லவா காரைக் கராஜில் விட்டுவிட்டு அவருக்கு உபகாரம் செய்திருக்கிறது! வெட்கமா கோபமா என்று அவருக்கே பிடிபடவில்லை. 

சனிக்கிழமை இருவருமாகச் சின்னக் காரில் வெளிக்கிட்டார்கள். இரைச்சலே இல்லை. ஒரு சிக்னலில் நின்றபோது அவர் மெல்லக் கேட்டார். “இஞ்சரும், நீரும் என்ர மனம் நோகும் எண்டுதானோ இவ்வளவு நாளும் என்னோடை வந்தனீர்?”

ஜசிந்தா சீலைக் கொய்யக மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். “நான் எங்கை உங்களோடை வந்தனான்? சட்டியோடையெல்லோ வந்தனான். உங்களுக்குப் பக்கத்திலை இண்டைக்குத்தான் இருக்கிறன்.”

அப்படி இருக்காது என்று சொல்ல வாயெடுத்தார். ஒவ்வொரு பயணமாக நினைத்துப் பார்த்தார். ஒன்றிலும் அவள் முன்னால் இல்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். பச்சை விழுந்ததை சில்வெஸ்டர் காணவில்லை.