மரக்கிறுக்கி பிடித்த வடம்

ஊரில் அவளுக்கு மரக்கிறுக்கி என்று பேர். வைத்தது வேறு யாருமில்லை, கட்டின புருஷன்தான். கல்யாணமான புதிதில் அவர் கோகோ தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டு போவார். தானாக முளைத்த காட்டு மரக்கன்று எதுவும் அவர் அரிவாளுக்குத் தப்பாது. இவள் என்ன செய்வாள், முந்தின நாளே போய் அந்தக் கன்றுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, பழைய துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு வருவாள். "இது என்னடி கிறுக்கு!" என்று கத்துவார். ஆனாலும் துணி கட்டின கன்றில் கை வைக்கமாட்டார். அப்படிப் பிழைத்ததில் ஒன்றுதான் தோட்டத்து நடுவே வானத்துக்கு வளர்ந்து நின்ற அந்தப் பெரிய மரம்.

அவளுடையது ஒன்றும் வெறும் கிறுக்கு இல்லை. மழை பொய்த்த வருஷம் அக்கம்பக்கத்துக் கோகோவெல்லாம் இலை சுருண்டு நின்றபோது, அந்த மரத்தடியில் மட்டும் காய் பிடித்தது. உதிர்கிற இலை மண்ணுக்கு, ஒடிகிற கிளை அடுப்புக்கு. பெற்ற பிள்ளைகள்கூட இவ்வளவு செய்ததில்லை என்று அவர்கள் காதுபடவே சொல்வாள்.

போன மழைக்குத்தான் வினை வந்தது. நிழல் அடர்ந்துபோய் ஈரம் காயவே இல்லை. மரத்தடியில் காய்த்த காயெல்லாம் கறுத்து அழுகிக் கொட்டின. "மரத்தை எடுத்துடலாம்" என்றார் புருஷன். தன் தோட்டத்தில் ஒரு மரம் விடாமல் ஏற்கெனவே வழித்து எடுத்திருந்த கொழுந்தன் கூட நின்று ஒத்து ஊதினான்.

"ரெண்டு கிளையைக் கழிச்சா போதுங்க. வெளிச்சம் வந்துடும்."

"சரி, கழிக்கிறேன். ஆனா கிளை விழுந்து ஒரே ஒரு கோகோ சாஞ்சாலும் மரம் அடியோட போயிடும். அப்புறம் அழக் கூடாது."

"அழ மாட்டேன்" என்றாள். அந்த மனுஷன் சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் இடுப்பை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு அவர் உச்சியில் இருந்தார். வெட்டுகிற கிளையில் வடத்தைக் கட்டி, அதற்கும் மேலே ஒரு கவட்டையில் போட்டுக் கீழே இறக்கினார். அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அவள் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கொழுந்தன். முதல் கிளையைத் தொட்டில் பிள்ளையை இறக்குகிற மாதிரி இறக்கிவிட்டார்கள். ஒரு கோகோ இலைகூடக் கிழியவில்லை. அவள் மூச்சு விட்டாள்.

இரண்டாவது கிளை அறுந்த நேரம் பார்த்துப் பாழாய்ப்போன காற்று சுழன்றடித்தது. கிளை வெளியே போகாமல் திரும்பி வந்தது. அறுந்த முனை அவர் மார்பில் மோதி, ஆளை அப்படியே மரத்தோடு வைத்து அழுத்தியது.

"என்னங்க!"

பதில் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. கோபத்துக்கும் கத்துகிற, சந்தோஷத்துக்கும் கத்துகிற மனுஷன். மேலே கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தன. ரம்பம் கை நழுவி வந்து மண்ணில் குத்தி நின்றது.

"விடாதீங்க அண்ணி! கீழே காய் பிடிச்ச கோகோ நிக்குது! மெதுவா இறக்கிடலாம்!" கொழுந்தன் வடத்தை இறுக்கினான். இறுக்க இறுக்கக் கிளை அவர் மார்பில் இன்னும் அழுந்தியது.

வடத்தை விட்டால் கிளை போகும். கிளை போனால் கோகோ சாயும். கோகோ சாய்ந்தால் மரம் போய்விடும். எல்லாம் அவளுக்குத் தெரியும். "போகட்டும், எல்லாம் நாசமாப் போகட்டும், விடுப்பா!" என்று அலறிக்கொண்டே கொழுந்தனைத் தோளால் இடித்துத் தள்ளி, மரத்தில் சுற்றியிருந்த வடத்தை உருவிவிட்டாள். அது அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு பாய்ந்தது. கிளை தலைகீழாகப் புரண்டு, நாலு கோகோ மரங்களை வேரோடு சாய்த்து விழுந்தது.

மேலிருந்து முதலில் இருமல் கேட்டது. பிறகுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் இறங்கி வந்து மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். மார்பெல்லாம் ரத்தச் சிராய்ப்பு. கொழுந்தனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணா, நாலு போச்சு. பேசினபடி மரத்தை எப்ப எடுக்கலாம்?"

"இன்னைக்கே எடுங்க" என்றாள் அவள். "நான் பேச்சு மாற மாட்டேன்." அழ மாட்டேன் என்று சொன்னதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் சாய்ந்து கிடந்த கோகோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தம்பியிடம் எரிந்து விழுந்தார்.

"அறிவிருக்காடா உனக்கு? நாலு குழிலயும் புதுக் கன்னு வைக்கணும். நிழல் இல்லாம கோகோ கன்னு பிழைக்குமா? உன் தோட்டத்துல வச்சியே, எத்தனை தேறுச்சு?"

கொழுந்தன் குனிந்து வடத்தைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"கன்னு வளர்ந்து காய்க்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார் பொதுவாக. கோகோ கன்று காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"கையைக் காட்டு" என்றார் அவளிடம்.

அவள் காட்டவில்லை. முகத்தை மூடிக்கொண்டு, சொன்ன பேச்சை மறந்து, ஓவென்று அழுதாள்.