பாதியாகிற மருந்தும் பறக்கிற நேரமும்

நாத்தனாரைப் பாராட்டி எழுத உட்கார்ந்தவள் அனேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் என் கணவரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். புற்றுநோய் உடம்பில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று படம் எடுப்பதற்கு முன் ஊசியில் ஏற்றும் கதிர்வீச்சு மருந்தைத் தயாரிப்பது அவள் வேலை. ஈயச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, தடித்த கண்ணாடி வழியாகப் பார்த்தபடி இயந்திரக் கையால் குப்பியை நிரப்புவாள். அந்த மருந்துக்குப் பொறுமை கிடையாது. இரண்டு மணி நேரத்துக்குள் வீரியம் பாதியாகிவிடும்.

அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவர்களோ அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு நகரத்தில். விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம்தானே என்று ஒருமுறை வாயைவிட்டு மாட்டிக்கொண்டேன். விமான நிலையம் போக நாற்பது நிமிடம், சோதித்து ஏற்ற ஒரு மணி, இறக்கி ஆஸ்பத்திரி சேர இருபத்தைந்து நிமிடம் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினாள்.

"பறக்குறது மட்டும்தான் அண்ணி ஒரு மணி பத்து நிமிஷம். மருந்துக்குப் பயணம் மூணே கால் மணி."

அதற்காகவே தேவையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் நிரப்பி அனுப்புவாள்.

ஒரு பனிக்காலக் காலையில் பெட்டியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். விமான நிலையத்திலிருந்து ஃபோன். மூடுபனியாம், ஒரு மணி நேரம் தாமதமாம். அங்கே ஒன்பது பேர் முந்தின இரவிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள்.

தட்டைத் தள்ளிவிட்டு என் மகளின் வீட்டுப்பாட நோட்டைப் பின்பக்கம் திருப்பினாள். ஆஸ்பத்திரி நர்ஸிடம் ஒன்பது பேரின் எடையையும் கேட்டு எழுதினாள். பழைய வரிசையில் போனால் ஆறு பேருக்குத்தான் காணும். கனத்த உடம்புக்கு மருந்து கூட வேண்டும்; வீரியம் இருக்கும்போதே அவர்களுக்கும், குறைந்தபின் ஒல்லியானவர்களுக்கும் போட்டால் ஏழு பேருக்கு வரும். யார் காத்திருக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றாள். அவர் இரண்டு பேரைச் சொன்னார். அவர்களிடம் தானே சொல்லிக்கொள்வதாக நர்ஸ் சொல்லியும் இவள் விடவில்லை.

"ஃபோனை அவங்ககிட்ட குடுங்க சிஸ்டர். மருந்து என்னோடது, நான்தான் சொல்லணும்."

முதலில் ஃபோனை வாங்கிய அம்மாள் சரியென்று ஒத்துக்கொண்டார். அடுத்தவர் லாரி ஓட்டுநர், வள்ளென்று விழுந்தார். மறுபடி மனதைத் திடப்படுத்திக்கொண்டு இன்னொரு நாள் வரத் தன்னால் முடியாது என்றார். இவள் பனிமேல் பழி போடவில்லை. அவர் பேசி ஓயும்வரை கேட்டாள்.

"உங்க கோவம் நியாயம்தாங்க. நாளைக்கு முதல் ஊசி உங்களுக்குத்தான். இப்ப போய் வயிறார சாப்பிடுங்க."

 பிறகு, கேன்டீன் எந்தப் பக்கம் என்று அவர் நர்ஸிடம் கேட்டது எங்கள் சமையலறை வரை கேட்டது.

அன்று ஏழு பேருக்கும் படம் எடுத்தாகிவிட்டது. மறுநாள் மற்ற இருவருக்கும். ஓட்டுநருக்கு நோய் பரவவில்லை என்று தெரிந்தபோது இவள் அடைந்த சந்தோஷத்தைப் பார்த்து, ஏதோ தெரிந்தவர் போலிருக்கிறது என்று என் கணவர் நினைத்துக்கொண்டார். லாரி ஓட்டுபவர், எண்பத்திநாலு கிலோ என்பதைத் தவிர அவரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு மேலதிகாரிகளை நச்சரித்து, பனிக்காலத்தில் ஒரு மணி நேரத் தாமதத்தையும் தாங்கும் அளவுக்கு மருந்து தயாரிக்க அனுமதி வாங்கினாள். அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் விமானம் இன்னும் நான்கு முறை தாமதமானது. ஒருவரும் ஊசி போடாமல் திரும்பவில்லை.