தொக்பே வீட்டு முற்றத்துப் புல்

நாத்தனார் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றால் விருந்துக்கு வந்திருக்கிறாள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் மல்சுனின் இன்னொரு கையில் கஞ்சித் தூக்கும் இருந்தது. அதனால் ஓக்சிம்முக்கு ஒரு நொடி எந்தக் கையை நம்புவது என்று தெரியவில்லை.

"இதைப் பிடி," என்று கஞ்சியை அவள் கையில் திணித்தாள் மல்சுன். "ஆஸ்பத்திரி வண்டி வர்றதுக்குள்ள இந்தச் சமாதியைப் பேத்து எறியணும். என் தம்பி கண்ணுல இது படக் கூடாது."

"சமாதி இல்ல மதினி. புல்லு."

"சமாதியில என்ன புடலங்காயா போட்டிருக்காங்க? அதுவும் புல்லுதான்!"

சம்சொ வட்டாரத்தில் இதை யாராலும் மறுக்க முடியாது. அங்கே நெல் வயலை விடப் புல் வயல்தான் அதிகம். பாய் மாதிரி அறுத்து லாரியில் ஏற்றுவார்கள். கோல்ஃப் மைதானத்துக்குப் போகும், பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகும், முக்கால்வாசி மலைமேல் இருக்கிற சமாதி மேடுகளுக்குப் போகும். சொந்த முற்றத்துக்கு மட்டும் போகாது. இருக்கிறவர்களுக்கு மொட்டை முற்றம், போனவர்களுக்குப் புல். யாரும் எழுதி வைக்காத சட்டம்.

அந்தச் சட்டத்துக்குக் காவல்காரன் மாதிரி இருந்தவன் ஓக்சிம்மின் புருஷன் தொக்பே. வாழ்நாளெல்லாம் புல் லாரி ஓட்டியவன், வீட்டுக்கு வந்தால் பூட்ஸில் ஒட்டிய ஒரு இழையைக் கூட வாசலிலேயே தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். முற்றத்தில் புல் தலைகாட்டினால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, "நான் இன்னும் சாகலடா," என்று அதனிடமே சண்டை போடுவான். கடைசியில் பெருக்கிப் பெருக்கி அலுத்து, தானே சிமென்ட் குழைத்து முற்றம் முழுக்கப் பூசிவிட்டான். ஒரு மூலையில் விரலால் தன் பெயரையும் எழுதினான், ஏதோ பாலம் கட்டித் திறந்து வைத்தவன் மாதிரி.

பிப்ரவரிப் பனியில் அந்தச் சிமென்ட் மேல்தான் விழுந்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. இடது கையும் காலும் பேச்சில் பாதியும் போயின. மண்டை தரையில் மோதிய சத்தம், சமையலறையில் நின்ற ஓக்சிம்முக்குப் பூசணிக்காய் விழுந்த மாதிரி கேட்டது. அதற்கப்புறம் அவள் வீட்டில் பூசணிக்காயே வாங்கவில்லை.

நடை பழக்கும் பெண் ஆஸ்பத்திரியில் வெளிப்படையாகவே சொன்னாள். "அம்மா, வீட்டுக்கு வந்தா விழத்தான் செய்வார். விழாம நடக்கணும்னா நடக்கவே கூடாது. எங்க விழறார்னு மட்டும் பாத்துக்குங்க."

எங்கே விழுவது. ஓக்சிம்முக்குத் தெரிந்த மெத்தென்ற பொருள் உலகத்தில் ஒன்றுதான். பத்தொன்பது வயதில் இருந்து புல் வயலில் மண்டி போட்டு அறுத்தவள். இரண்டு முழங்காலும் அங்கேதான் தேய்ந்தன. மதியச் சோற்றுக்குப் பிறகு அதன் மேலேயே படுத்துத் தூங்கியவள். அதனால் அவள் கல்லுடைக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து, தொக்பே பெயரோடு சேர்த்து முற்றத்தை உடைத்தாள். தெருவே வந்து எட்டிப்பார்த்தது.

அவனிடம் மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்க் கோழி முட்டையிட்டதிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் பல் கட்டியது வரை எல்லாம் சொன்னாள். புல் என்ற வார்த்தை தொண்டை வரை வரும், திரும்பிப் போய்விடும்.

ஏப்ரலில் புல் நட்டாள். ஊர் முழுக்கச் சமாதி திருத்துகிற பருவம், நல்ல பாய்கள் எல்லாம் மலைக்குப் போய்விட்டன. புல் வயல் முதலாளி கொடுத்தது ஓரம் உடைந்த துண்டுகள்தான். கல் பொறுக்கி, மணல் மண் கொட்டி, மழைத் தண்ணீர் தெருப்பக்கம் ஓடுகிற மாதிரி லேசாகச் சரித்து, துண்டுகளை ஒரு சாண் இடைவெளி விட்டுப் பதித்தாள். ஒவ்வொன்றையும் மண்ணோடு மண்ணாக மிதித்தாள். மிதிக்காவிட்டால் அடியில் காற்று நின்று வேர் காய்ந்துவிடும்.

அப்புறம் காத்திருப்பு. சும்மா கிடக்கிற களையெல்லாம் பச்சையாகச் சிரிக்கும்போது இந்தப் புல் மட்டும் வைக்கோல் நிறத்தில் தூங்கியது. சோம்பேறிப் புல். வெயில் ஏறினால்தான் எழும், எழுந்தாலும் விரலளவு நகர அதற்கு ஒரு மாதம் வேண்டும். இடைவெளியில் களை முளைக்க, அவள் பிடுங்கப் பிடுங்க அது வர, ஜூனில் இரண்டு பேரும் சமபலத்தில் இருந்தார்கள். ஜூலை மழை மண்ணை அரித்தபோது ஓடிப்போய் வைக்கோல் சாக்கை விரித்து அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டாள். நனைந்த கோழி கூட அவளைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கும்.

இப்போது செப்டம்பர். துண்டுகள் பச்சை பிடித்துவிட்டன, ஆனால் ஒன்றை ஒன்று இன்னும் தொடவில்லை. கட்டம் கட்டமாக இடைவெளி விட்ட பச்சை. புதுச் சமாதி மேட்டின் பக்கவாட்டில் பதிப்பார்களே, அதே வரிசை, அதே அழகு. போதாததற்கு, முன்னோரைக் கும்பிடும் அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் மலையில் எல்லாரும் சமாதிப் புல் வெட்டும் மெஷின் சத்தம், காலையிலிருந்தே.

மல்சுன் மண்வெட்டியை ஓங்கினாள்.

"மதினி, வேணாம்! அவர் விழுந்தா அடிபடாம இருக்கத்தான்..."

"அடிபடாது. பாத்ததுமே நெஞ்சு வெடிச்சுப் போயிடுவான். அப்புறம் அரிசிக் கள்ளை ஊத்தி இங்கேயே கும்பிடு, மலையேற வேண்டிய வேலை மிச்சம்!"

முதல் வெட்டு ஓரத்துத் துண்டில் விழுந்தது. அது பெயர்ந்து வந்தது. இரண்டாவது துண்டு வரவில்லை. மல்சுன் காலை ஊன்றி இழுத்தாள். வேர் விடவில்லை. ஓக்சிம் தூக்கைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியின் பிடியைப் பற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் கயிறிழுக்கிற மாதிரி மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் அடித்தது.

வண்டிக் கதவு திறந்திருந்தது. தொக்பே வலது கையில் தடியோடு கீழே இறங்கி நின்றான். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று. முற்றத்தைப் பார்த்தான். மனைவியையும் அக்காவையும் நடுவில் மண்வெட்டியையும் பார்த்தான். வாயின் வலது பாதி மட்டும் அசைந்தது.

"யாரு... செத்தது?"

மல்சுன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஓட்டுநர் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமானார். தொக்பே தடியைத் திருப்பி வண்டிப் பக்கம் ஊன்றினான்.

ஓக்சிம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிப்போயிற்று. எனவே அவள் விழுந்தாள். கால் தடுக்கி இல்லை. நின்ற இடத்தில், கையை ஊன்றாமல், பக்கவாட்டில், மூட்டை மாதிரி. தொப்.

"ஐயோ!" என்றாள் மல்சுன்.

"வலிக்கல," என்றாள் ஓக்சிம் புல்லில் படுத்தபடி. எழுந்தாள். மறுபக்கமாக விழுந்தாள். "இங்கயும் வலிக்கல. பாருங்க. சிமென்ட்டா இருந்தா எனக்கு இப்ப..." முடிக்கவில்லை. மூக்கு உறிஞ்சினாள். தலைமுடியில் புல் ஒட்டியிருந்தது.

தொக்பேயின் பார்வை முற்றத்து மூலைக்குப் போனது.

"பேரு... எங்க?"

"எது?"

"என்... பேரு. மூலையில."

"உடைச்சுட்டேங்க."

அவன் முகத்தில் என்ன ஓடியது என்று யாருக்கும் புரியவில்லை, பாதி முகம்தானே ஓடியது. தடி வண்டியை விட்டுத் திரும்பியது. புல்லில் ஊன்றினான். நுனி கொஞ்சம் அமுங்கி நின்றது. வலது கால் வந்தது. இடது கால் இழுபட்டு வந்தது. ஓக்சிம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், தானாக நீண்டுவிடக் கூடாது என்று. இன்னொரு எட்டு. மூன்றாவதில் இடது கால் துண்டுக்கும் இடைவெளிக்கும் நடுவே தடுக்க, தொக்பே சாய்ந்தான்.

தொப்.

மலையில் மெஷின் கூட நின்ற மாதிரி இருந்தது. மல்சுன் ஓடிவந்தாள். தொக்பே கன்னத்தைப் புல்லில் வைத்தபடி கிடந்தான். கண் திறந்திருந்தது. வலது கை மெதுவாக நகர்ந்து, மல்சுன் வெட்டிப் பெயர்த்த ஓரத்துத் துண்டைத் தொட்டது. ஆட்டிப் பார்த்தது.

"இது... ஆடுது," என்றான். "மிதிக்கலயா? லாரிக்காரன் வீட்டுல... இப்படியா நடுவ?"

"நான் நல்லாத்தான் மிதிச்சேன்! உங்கக்காதான்..."

"யாரா... இருந்தா என்ன. தூக்கு."

இருவரும் தூக்கி நிறுத்தினார்கள். கன்னத்தில் புல் கோடு கோடாகப் பதிந்திருந்தது, தூங்கி எழுந்தவன் மாதிரி. அவன் அந்தத் துண்டைத் தடியால் பள்ளத்துக்குள் தள்ளி, இடது காலை, அந்த வராத காலை, இழுத்து அதன் மேல் வைத்தான். அழுத்தினான். மறுபடி அழுத்தினான்.

"நான் இன்னும் சாகலடா," என்றான் அதனிடம்.

மல்சுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போய், தான் வெட்டிக் கிளறிய இரண்டாவது துண்டின் மேல் தன் செருப்புக் காலை வைத்தாள். மிதிக்க மிதிக்கத் திட்டினாள், தம்பி மனைவியையும் புல்லையும் சேர்த்து. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.