அம்மாவின் கைக்கு ஒரு பிடி

தொண்ணூறுகளின் நடுவில், தொழிற்பயிற்சி முடித்து, மலேசியாவில் பெம்பான் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். அம்மாவின் பழைய கத்தியின் மரப்பிடி தேய்ந்து ஆடியது. மூட்டுவாதத்தால் அவர் விரல்களும் சரியாக மடங்கவில்லை. காய் நறுக்குவதை அண்ணியிடம் விட்டுவிட்டு, "எனக்கு இனிமே கத்தி எதுக்கு?" என்றார்.

நீளம், அகலம், ஆணித்துளை எல்லாம் அளந்து, ரப்பர் மரத்தில் பழையதைப் போலவே புதுப் பிடி போட்டேன். அம்மாவின் கையில் அது நிற்காமல் வழுக்கியது.

"அலமாரில வெச்சு அழகு பாக்கலாம் லா," என்றார்.

கத்தியை அளந்த நான் கையை அளக்கவில்லை. சப்பாத்தி மாவை உருட்டிக் கொடுத்து, "கத்தி மாதிரி இறுக்கிப் பிடிங்கம்மா," என்றேன்.

"படிச்சவ மாவுல விளையாடுறா பாரு!" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தபடி பிடித்தார். அந்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்துத் தடித்த பிடி ஒன்றைச் செதுக்கி மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசணிக்காயைத் தாமே பிளந்தார். பக்கத்து வீட்டு அக்கா கத்தியை இரவல் கேட்டார்.

"தர மாட்டேன் லா. எம் மக என் கைக்குச் செஞ்சது. வேணும்னா உன் கையக் கொண்டா!"

சான்றிதழ் வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.